ஒடித்து வளர்க்கிற கொல்லை

நேற்று முருங்கையை வெட்டினேன். நெஞ்சு உயரத்துக்கு மேலே ஒரு கிளை விடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன், "என்ன தம்பி, பூவும் பிஞ்சுமா இருந்த மரத்த இப்படி மொட்டையடிச்சிட்டீங்க" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அவர் வீட்டு முருங்கை ஓட்டுக்கூரையைத் தாண்டி, கரண்ட் கம்பிக்கு ஒரு முழம் கீழே நிற்கிறது. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஐப்பசி பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது, அடைமழை இனிமேல்தான். வருஷா வருஷம் சொல்லிச் சலித்துவிட்டது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணி ஆற்றை ஒட்டி இருக்கிறது. இங்கே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்துக்குக் கொல்லை என்றுதான் பெயர். சென்னையில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த புதிதில் நான் அதைத் தோட்டம் என்று சொல்ல, அம்மா "ஆமா, ஊட்டி பூந்தோட்டம்" என்றார். பத்து சென்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நான்கு தென்னை, ஒரு முருங்கை, ஒரு நார்த்தை, ஒரு கறிவேப்பிலை, ஒரு ஒட்டு மா, பாத்திரம் கழுவும் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் வாழை, வேலி ஓரமாக ஒரு வேம்பு. இவற்றுக்கு நடுவே குட்டி என்கிற நாய். அப்புறம் ஒரு பூனை. அது எங்களுடையது இல்லை, நாங்கள்தான் அதனுடையவர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது வரும் நேரத்துக்கு நாங்கள் கதவைத் திறக்கிறோம்.

"முருங்கைய ஒடிச்சு வளக்கணும், பிள்ளைய அடிச்சு வளக்கணும்" என்று ஒரு பழமொழி உண்டு. அம்மாவுக்கு அதில் முழு நம்பிக்கை. இரண்டாவது பாதிக்கு என் முதுகு சாட்சி. முதல் பாதியை நான் நம்பியதே 2018-க்குப் பிறகுதான்.

அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்தார். மூட்டு வலி, அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவில் இருக்கும் நான்கு படி ஏறி இறங்க முடியவில்லை. 2017-ல் நான் வந்து சேர்ந்தேன். சமையல் என் கைக்கு வந்தது, கொல்லை என் தலையில் விழுந்தது. மறு வருஷம் புரட்டாசி கடைசியில் அம்மா ஆள் வைத்து முருங்கையை வெட்டச் சொன்னபோது எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. மரம் முழுக்கப் பூ. கடையில் முருங்கைக்காய் விலையைப் பார்த்தால் தலை சுற்றும் நேரம். "சாம்பாருக்கு என்ன பண்றது?" என்று கேட்டேன். அம்மா சொன்னதை இன்னும் மறக்கவில்லை: "முருங்கைக்கு எலும்பு கிடையாதுடா. காத்து ஒடிச்சா அடியோட ஒடிக்கும். நாம ஒடிச்சா அளவோட ஒடிப்போம்." வெட்டிய முனை ஒவ்வொன்றிலும் சாணியை உருண்டையாகப் பிடித்து அப்பச் சொன்னார். மழைத்தண்ணீர் வெட்டுவாய் வழியாக உள்ளே இறங்கினால் தண்டு அழுகிவிடும், அதற்கு. எனக்கு அது ஐந்தாறு குல்லாய் போட்ட கட்டை மாதிரித் தெரிந்தது. போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிக் கிண்டல்கூடப் பண்ணினேன்.

அதற்கு அடுத்த மாதம் கஜா வந்தது. நவம்பர் 15 ராத்திரி ஆரம்பித்து, 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறிய புயல். 77-ல் அடித்த புயலைப் பார்த்தவர் அம்மா. அவரே அந்த ராத்திரி பேசாமல் உட்கார்ந்திருந்தார். காற்று ஊளையிடும் என்று எழுதுவார்கள், நானும் படித்திருக்கிறேன். அன்றைக்கு நான் கேட்டது ஊளை இல்லை, லாரி லாரியாக யாரோ ஜல்லி கொட்டுகிற சத்தம். நடுவில் ஒரு முறை வீடே அதிர்ந்தது. அது அப்பாவின் மாமரம்.

பாதிரி மா. அப்பா வைத்தது, நாற்பது வருஷ மரம். அதன் மேல் அருவாள் படக் கூடாது என்று ஒரு வைராக்கியம் அப்பாவுக்கு. காய்ந்த கிளையைக்கூட அதுவே விழட்டும் என்பார். அது நாலா பக்கமும் கூடாரம் மாதிரிப் பரந்து, காற்றுக்கு நுழைந்து போக வழியில்லாமல் நின்றது. எங்கள் மண் களிமண், ஐப்பசி மழையில் ஊறிக் கூழாகியிருந்தது. மரம் வேரோடு சாய்ந்து அடுப்படி ஓட்டின் மேல் படுத்துவிட்டது. தென்னை ஒன்பதில் ஐந்து போயிற்று. வேம்பு பாதியாக நின்றது. காலையில் கொல்லைக் கதவைத் திறக்க முடியவில்லை, தெருவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். எல்லாம் படுத்துக் கிடந்த இடத்தில் முருங்கைக் கட்டை மட்டும் சாணிக் குல்லாயோடு நின்றுகொண்டிருந்தது. சாணிகூடப் பாதி அப்படியே இருந்தது.

அந்த நாட்களின் சாப்பாட்டைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 23 நாள் ஆயிற்று. காய்கறி வண்டி வர வழியில்லை. அரிசி இருந்தது, புளி இருந்தது. தேங்காய்க்கு மட்டும் பஞ்சமே இல்லை, எங்கு காலை வைத்தாலும் தேங்காய்தான். அம்மியில் தேங்காய்த் துவையல், தேங்காய்ச் சாதம், தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி, திரும்பவும் துவையல். விழுந்த தென்னைகளை வெட்ட வந்தவர்கள் உச்சியைப் பிளந்து குருத்தை எடுத்துக் கொடுத்தார்கள். வெள்ளை வெளேரென்று, பச்சைத் தேங்காயும் முட்டைக்கோசும் சேர்ந்தாற்போல் ஒரு ருசி, லேசான தித்திப்பு. நான் அதுவரை தின்றதில்லை. தென்னங்குருத்தைத் தின்ன வேண்டுமென்றால் மரம் சாக வேண்டும், அது ஒன்றுதான் வழி. அம்மா ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, "இது உங்கப்பா கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வச்சது" என்றார். அதற்கப்புறம் கை வைக்கவில்லை. மிச்சத்தை எல்லாம் நான்தான் தின்றேன். நன்றாக இருந்தது என்று சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது.

கார்த்திகை பாதியில் முருங்கைக் கட்டை துளிர்த்தது. சாணி உருண்டைக்குக் கீழே, பட்டையைக் கிழித்துக்கொண்டு, விரல் விரலாக. பத்து நாளில் ஒரு கைப்பிடி கொழுந்து கிள்ளும் அளவு வந்துவிட்டது. சிம்னி வெளிச்சத்தில், கடுகும் ஒரு காய்ந்த மிளகாயும் தாளித்து, கீரையைப் போட்டு, நான்கு சொட்டுத் தண்ணீர் தெளித்து, மூடாமல் வதக்கி, கடைசியில் தேங்காய். முருங்கைக்கீரையை மூடி போட்டு வேகவைத்தால் நிறம் செத்துவிடும், கசப்பும் தங்கும். மூன்று வாரமாகப் பச்சையே பார்க்காத நாக்குக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த ராத்திரிதான் பழமொழியின் முதல் பாதிக்கு நான் கட்சி மாறினேன்.

குட்டி வந்ததும் அந்த வாரத்தில்தான். சாய்ந்த மாமரத்தின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து முனகல். இலைக் குவியலுக்கு அடியில், செம்மண் நிறத்தில், கண் திறந்து கொஞ்ச நாளே ஆன ஒரு நாய்க்குட்டி. தாய் எங்கே என்று கடைசிவரை தெரியவில்லை. நான் கஜா என்று பெயர் வைத்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பேர வீட்டுக்குள்ள கூப்பிடாத." வேறு பெயர் யோசிக்கும்வரை குட்டி என்று கூப்பிட்டோம். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். இப்போது அது முகத்தில் நரை விழுந்த பெரிய நாய், கால்நடை டாக்டர் சீட்டில்கூட குட்டி என்றே எழுதுகிறார்.

நாய் வந்தபின் என் சமையலில் ஒரு மாற்றம் வந்தது. தாளிப்பதற்கு முன்னால் ஒரு நிறுத்தம். "வெங்காயம் போடறதுக்கு முன்னாடி குட்டிக்கு எடுத்துடு" என்று கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வரும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தில் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. நம் வீட்டில் மிச்சம் என்று தட்டில் விழுவது சாம்பார் சாதம், குழம்புச் சோறு, ரசத்து மண்டி. இந்த இரண்டும் இல்லாத ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். தெரு நாயெல்லாம் அதைத் தின்று உயிரோடுதானே இருக்கின்றன என்பார்கள். அவை எத்தனை வருஷம் இருக்கின்றன என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. குட்டிக்குக் குழைந்த சோறு, ஒரு முட்டை, வாரத்தில் இரண்டு நாள் கோழி ஈரலோ எலும்பில்லாத கறியோ, பரங்கிக்காய் வெந்தால் அதில் இரண்டு துண்டு, மழைக்காலத்தில் ஒரு பிடி முருங்கைக்கீரை. உப்பு, காரம் கிடையாது. குழம்பில் வெந்த கோழி எலும்பும் கிடையாது. அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பொங்கலன்று அம்மா தன் பங்குச் சர்க்கரைப் பொங்கலிலிருந்து திராட்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே வைப்பார். திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே காவு வாங்கிவிடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து இந்த வழக்கம். எழுபத்தெட்டு வயதில் நாய்க்காகக் கண்ணாடி போட்டுக்கொண்டு திராட்சை பொறுக்குகிறவரைப் பார்த்தால், என்னைப் புளிய விளாரால் விளாசியவர் இவர்தானா என்று சந்தேகம் வரும்.

சரி, நார்த்தைக்கு வருகிறேன். என் பெரிய தப்பு அங்கேதான் நடந்தது.

புயலில் தப்பிய நார்த்தை மூன்று வருஷமாகச் சோம்பிக் கிடந்தது. இலை வெளுத்து, காய் எலுமிச்சை அளவிலேயே நின்றுவிட்டது. 2021 ஆடியில் உரக்கடையில் கேட்டபோது ஆமணக்குப் புண்ணாக்கு போடச் சொன்னார்கள், கறையானும் அண்டாது என்றார்கள். நல்ல யோசனைதான், மரத்துக்கு. அடிமரத்திலிருந்து மூன்றடி தள்ளி வட்டமாகப் பள்ளம் பறித்து, இரண்டு கிலோ போட்டு மூடித் தண்ணீர் விட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் வட்டம் முழுவதும் தோண்டிக் கிடக்கிறது, நடுவில் குட்டி மூக்கெல்லாம் மண்ணோடு வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. முந்தின நாள் முழுக்க முதுகு ஒடிய வெட்டிய பள்ளம். பக்கத்தில் கிடந்த முருங்கைக் குச்சியை எடுத்து ஒரே ஒரு அடி. குச்சி இரண்டாக ஒடிந்தது. குட்டி கத்தக்கூட இல்லை, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. என் வாழ்க்கையில் அதை அடித்தது அந்த ஒரு முறைதான்.

சாயங்காலம் வாந்தி எடுத்தது. ராத்திரி இன்னும் இரண்டு முறை. விடியும்போது ரத்தமாகப் போயிற்று. நான் அடித்ததால்தான், உள்ளே எங்கோ பட்டுவிட்டது என்று எனக்குக் கை காலெல்லாம் ஓடவில்லை. டவுனில் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனபோது முதல் வார்த்தையே அதைத்தான் சொன்னேன். அவர் அடிபட்ட இடத்தைத் தடவிக்கூடப் பார்க்காமல், "கொல்லைல என்ன போட்டீங்க?" என்றார். ஆமணக்குக் கொட்டையில் ரைசின் என்று ஒரு விஷம் இருக்கிறது. எண்ணெய் ஆட்டும்போது அது எண்ணெயில் இறங்காது, புண்ணாக்கிலேயே தங்கிவிடும். புண்ணாக்கின் வாசனை நாய்க்குப் பிடிக்கும், தோண்டித் தின்னும். அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. தண்ணீர்ச்சத்து குறையாமல் டிரிப்ஸ் ஏற்றி, வாந்திக்கு ஊசி போட்டு, நாயின் உடம்பு தானாகவே அதைக் கடந்து வரக் காத்திருக்க வேண்டும். நான்கு நாள் காலையும் மாலையும் டிரிப்ஸ். அம்மாவால் நம்பவே முடியவில்லை. "நாங்கள்லாம் மாசத்துக்கு ஒருக்க விளக்கெண்ணெய் குடிச்சு வளந்தவங்கடா, அதுல போய் விஷமா?" பங்குனியில் மாவடு போடும்போது, வடு வாடிச் சுருங்கட்டும் என்று நாமே இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் புரட்டுகிறோம், அப்புறம்தான் கல் உப்பு, மஞ்சள், கடுகு, மிளகாய். ஒரே கொட்டைதான். எண்ணெய் ஜாடிக்குப் போகிறது, விஷம் சாக்குக்குப் போகிறது.

ஐந்தாம் நாள் குட்டி அரிசிக்கஞ்சியை நக்கியது. அன்றைக்குச் சமைத்த கஞ்சி மாதிரி அதற்கப்புறம் நான் எதையும் கவனமாகச் சமைத்ததில்லை. இப்போது கொல்லையில் வேப்பம் புண்ணாக்கு மட்டும்தான். அதைக் குட்டி மோந்து பார்க்கும், ஒரு தும்மல் போடும், போய்விடும். எலும்புத்தூளும் நிறுத்திவிட்டேன், அதற்கும் நாய்கள் தோண்டும். தென்னைக்குக் காண்டாமிருக வண்டு வந்தபோதும் ஆமணக்குப் புண்ணாக்கைக் கரைத்துப் பானையில் வைத்து வண்டு பிடிக்கச் சொன்னார்கள், நல்ல முறைதான், ஆனால் எங்கள் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டேன்.

அந்த வண்டும் கஜா விட்டுப்போன சொத்து. ஊரெங்கும் விழுந்த தென்னந்தடிகளை அப்புறப்படுத்த ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் போட்டு வைத்தோம். அந்த வண்டு முட்டை வைப்பது மக்கும் தடியிலும் எருக்குழியிலும்தான். மறு வருஷம் நின்றிருந்த நான்கு மரத்திலும் புது ஓலை விரியும்போதே கத்தரியால் விசிறி மாதிரி நறுக்கினாற்போல வந்தது. மரம் ஏறுகிறவரை வைத்து, குருத்தில் ஓட்டை இருந்தால் கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுத்து, உச்சியில் உள் மட்டை இடுக்கு மூன்றில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் கணக்கில் போட்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஏறுகிறவர் கிடைத்தால் மூன்று மாதம், கிடைக்காவிட்டால் ஐந்து. இப்போது கட்டுக்குள் இருக்கிறது.

நார்த்தையை அதற்கப்புறம் நிமிர்த்தியது உரம் இல்லை, அருவாள். அடிமரத்திலிருந்து கொழுகொழுவென்று முள்ளோடு நேராக எழும்பும் குச்சிகள் சத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தன, காய் பிடிப்பது வேறு கிளைகளில். ஆவணியில் ஒரு நாள் கையைக் கிழித்துக்கொண்டு அத்தனையையும் கழித்தேன். வெட்டியதில் ஒரு கூடை கொழுந்து. தூக்கிப் போடப் போனவனை அம்மா நிறுத்தி, வேப்பிலைக்கட்டி இடிக்க வைத்தார். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் வேப்பிலை ஒன்றுகூடக் கிடையாது. நார்த்தங்கொழுந்து, கூடவே கொஞ்சம் எலுமிச்சை இலை, நடு நரம்பை உருவிவிட்டு, வறுத்த மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்பு, துளி புளி சேர்த்து உரலில் இடித்து உருட்டுவது. அம்மா அக்கிரகாரத்துப் பாட்டு டீச்சர் வீட்டில் கற்றுக்கொண்டது. நரம்பை ஒழுங்காக எடுக்காவிட்டால் நாரும் கசப்பும்தான் மிஞ்சும். மிக்சியில் அரைத்தால் சூடாகி வாசனை போய்விடுகிறது, இதை நான் இரண்டு முறை செய்து பார்த்துத் தோற்றிருக்கிறேன். மோர்சாதத்துக்கு அது இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை.

காயை உப்பு நார்த்தங்காயாகப் போடுவது மாசி வெயிலில். முழுக் காயை அறுந்துவிடாமல் சுருளாக வெட்டி, இடுக்கில் கல் உப்பை அடைத்து, ஜாடியில் மூன்று நான்கு நாள். தண்ணீர் விட்டுக்கொள்ளும். அப்புறம் பகலில் வெயிலில் காயவைத்து, ராத்திரி திரும்ப அதே உப்புத் தண்ணீரிலேயே போட வேண்டும். தண்ணீர் முழுவதும் காயிலேயே வற்றி ஏறும்வரை இப்படிப் போய் வந்துகொண்டிருக்கும். பூனை அந்தத் தாம்பாளத்தை ஒட்டித்தான் படுக்கும், உள்ளே ஒருபோதும் காலை வைத்ததில்லை. அந்த வாசனை பூனைக்கு ஆகாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். காக்கையைக் காவல் காக்கிறது என்று அம்மா அதற்கு நற்சான்றிதழ் கொடுத்து வைத்திருக்கிறார், நான் கெடுக்கவில்லை.

கறிவேப்பிலைக்கு அம்மா புளித்த மோர் ஊற்றுவார். ஊரே ஊற்றுகிறது, நானும் தடுக்கவில்லை. ஆனால் என் அனுபவத்தில் அந்தச் செடிக்குத் தேவை மோரைவிட வெட்டுதான். இலையை இலையாக உருவி எடுத்தால் ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரமாய்ப் போய் மொட்டையாக நிற்கும். கொத்தோடு, நுனியோடு ஒடித்தால் பக்கத்தில் இரண்டு கிளைக்கும். மார்கழி, தை பனியில் அது தூங்கும், அப்போது கை வைக்காமல் விட்டுவிட வேண்டும். மாசி கடைசியில் ஒரு நல்ல வெட்டு, அதில் வரும் இலையை நிழலில் உலர்த்திப் பொடி. மழைக்காலத்தில் அதில் ஒரு புழு வரும், சின்னதாக இருக்கும்போது குருவி எச்சம் மாதிரியே இருக்கும், பெரிதானால் பச்சை, தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கொம்பை நீட்டி நாறும். இதே புழு நார்த்தையிலும் எலுமிச்சையிலும் வரும், ஏனென்றால் இவை எல்லாம், வில்வம் உட்பட, ஒரே குடும்பம். முதலில் நசுக்கினேன். கறுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு நார்த்தையைச் சுற்றுகிற பட்டாம்பூச்சி அதுதான் என்று தெரிந்தபின், கறிவேப்பிலையில் இருப்பதைப் பொறுக்கி நார்த்தையில் விட்டுவிடுகிறேன். நார்த்தை தாங்கும். முருங்கையின் கம்பளிப்பூச்சிக்கு மட்டும் இந்தத் தயவு கிடையாது. பகலில் அடிமரத்தில் கம்பளம் விரித்த மாதிரி அடையாக ஒட்டிக்கொண்டிருக்கும், அப்போதே பந்தம் கொளுத்தி ஒற்றிவிட வேண்டும். ஒரு முறை குட்டி மூக்கை வைத்து, ஒரு நாள் முழுக்க வாயில் ஜொள்ளு வடிய அலைந்தது.

புது மாங்கன்றைப் பற்றிச் சுருக்கமாக. 2019-ல் ஒட்டுக்கன்று வைத்தேன், மண்ணை இரண்டடி மேடாக்கி, களிமண்ணில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று. முதல் மூன்று வருஷம் பூத்த பூவையெல்லாம் கிள்ளிப் போட்டேன், பிஞ்சு மரம் காய்த்தால் வளர்ச்சி நின்றுவிடும். அம்மாவுக்கே அது பொறுக்கவில்லை. ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அதுதான் மரமாகும். மார்கழியில் தண்ணீர் விடுவதில்லை, விட்டால் பூவுக்குப் பதில் தளிர் விடும். காய் பறித்து முடித்ததும் ஆடி, ஆவணியில் உள்பக்கமாக ஒன்றையொன்று உரசும் கிளைகளை எடுத்துவிடுகிறேன். கீழே நின்று பார்த்தால் இலைக்கு நடுவே ஆகாயம் தெரிய வேண்டும். அப்பா இருந்தால் விட்டிருக்க மாட்டார். ஒவ்வொரு ஆடியிலும் அருவாளோடு அந்த மரத்தடியில் நிற்கும்போது கொஞ்சம் திருட்டுத்தனமாகத்தான் இருக்கிறது.

மாம்பழக் காலத்தில் இன்னொரு காவல் வேலை சேர்ந்துகொள்ளும். மாம்பழ மோர்க்குழம்பு வைத்துவிட்டுக் கொட்டையைக் குப்பையில் போட்டால் குட்டி எடுத்து முழுங்கப் பார்க்கும், குடலில் போய் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான். கொட்டையெல்லாம் மூடி போட்ட வாளியில் போகிறது. கோடையில் உண்ணி வேறு. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து காது மடல், விரல் இடுக்கு எல்லாம் தேடுவேன். சித்திரை வெயிலில் குட்டி தானே பள்ளம் பறித்துக்கொள்ளும், எப்போதும் வாழை மரத்தடியில், ஈரம் எங்கே என்று அதற்குத் தெரியும். அதை இப்போதெல்லாம் மூடுவதில்லை.

நேற்று வெட்டியதில் கீரை மலையாகக் குவிந்தது. தெருவில் ஆறு வீட்டுக்குக் கொடுத்தேன், அப்படியும் தீரவில்லை. அம்மா மிச்சத்தை ஈர வேட்டியில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்தார், காலையில் பிரித்து உதறினால் இலை தானாகக் காம்பிலிருந்து உதிர்ந்துவிடும், உருவ வேண்டாம். பதினான்கு காய் தேறியது. இன்று காலை அடைக்கு ஊறப்போட்டதை அரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் வேலியோரம் வந்தார். இரண்டு பிடி கீரை கேட்டார், கூடவே நடுவதற்கு ஒரு போத்து. கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தன் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கேன் தம்பி" என்றார். போன வருஷமும் சொன்னார்.

மேற்கே மூடிக்கொண்டு வந்தது. வெட்டிய முனைகளில் சாணி இன்னும் காயவில்லை. குட்டி முருங்கைத் தழைக் குவியலின் மேல் ஏறிப் படுத்திருந்தது. நான் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன், கூடத்திலிருந்து குரல் வந்தது, "குட்டிக்கு எடுத்து வச்சியா?"